கார் ஆயில் மாற்ற எந்தக் கடை?

லேக் கார்டன்ஸ்வாசிகளே, ஆயில் மாற்றும் முன் காரின் கையேட்டைப் பாருங்கள். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என உங்கள் எஞ்சினுக்கு உரிய கிரேடு அதில் இருக்கும். மாடலையும் கிரேடையும் விசாரிக்காமலே ஊற்ற வரும் கடை வேண்டாம். சீல் உடையாத டின்னை உங்கள் கண்ணெதிரே திறக்கட்டும். ஃபில்டரும் புதிதாக மாறட்டும். காலி டின்னைக் கையோடு வாங்கி, லேபிளைக் கிழித்துவிடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு அதுதான் மூலதனம். பில்லில் கிரேடையும் கிலோமீட்டரையும் எழுதச் சொல்லுங்கள்.

பழைய ஆயில் எங்கே போகிறது என்றும் கட்டாயம் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அது அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர வேண்டும். சாக்கடையில் ஊற்றும் கடைக்கு, ரவீந்திர சரோவர் ஏரியை ஒட்டி வாழும் நாம் போகவே கூடாது.

மழைத் தண்ணீரில் கார் மூழ்கி, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காபி நிறத்தில் தெரிந்தால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே அழையுங்கள்.