தானே முறுக்கேற்றிக்கொள்ளும் கைக்கடிகாரம்

தானியங்கிக் கடிகாரம் என்னும் பெயரே நம்மை மயக்கிவிடுகின்றது. அது தானாக இயங்குவதன்று. அணிந்தவரின் கையசைவே அதற்கு உணவு. கழற்றி மேசைமீது வைத்துவிட்டால் இரண்டொரு நாளில் பெரும்பாலானவை நின்றுவிடும். மின்கலத்தின் துணையின்றி, கையசைவை மட்டும் கொண்டு ஒரு வில்லை முறுக்கி, அவ்வில் விரியும் விசையால் முட்களை ஓட்டுவது எவ்வாறு? அத்தகைய கடிகாரங்களுள் விலை மிக்கவற்றின் உள்ளே பொன்னும் பிளாற்றினமும் இடம்பெறுவது ஆடம்பரமா, தேவையா? விலையைக் கண்டு வியப்போரும் விலையைக் கண்டே வெறுப்போரும் இவ்விரண்டாம் வினாவை எழுப்புவதில்லை. பௌதிகம் பயிலும் மாணவர் எழுப்பலாம்.

இக்காலத் தானியங்கிக் கடிகாரம் ஒன்றின் பின்மூடியைத் திறந்தால், அரைவட்டத் தகடொன்று நடுவச்சிலே சுழலக் காணலாம். அதனைச் சுழலி என்போம். அதன் திணிவு ஒரு பக்கமே குவிந்திருத்தலால், கை எப்புறம் திரும்பினும் புவியீர்ப்பு அதனைக் கீழ்நோக்கி இழுக்கின்றது. அந்தச் சிறு இழுப்பு பற்சில்லுகளின் வழியே வேகங் குறைந்து விசை பெருகி, உருளைக் கூட்டினுள் அடங்கிய முதன்மை வில்லைச் சிறிது சிறிதாக முறுக்குகின்றது. பிடிப்புப் பல்லொன்று முறுக்கிய வில் பின்னோக்கி அவிழாதவாறு தடுக்கும். சொல்வதற்கு இஃது எளிது. செய்து முடிக்க ஏறக்குறைய இரு நூற்றாண்டு சென்றது.

சுவிற்சர்லாந்தின் லெ லொக்கிள் என்னும் மலையூரினரான ஆபிரகாம் லூயி பெரெலே செய்த கடிகாரம், பதினைந்து நிமிட நடையால் எட்டு நாள் ஓடும் என 1777இல் ஜெனீவாக் கலைக் கழகத்தின் அறிக்கை கூறிற்று. மறு ஆண்டில் லியேஜ் நகரத்து ஹியூபேர் சார்த்தோன், நடுவச்சிற் சுழலும் சுழலியோடு கூடிய கடிகாரமொன்றின் வரைபடத்தைப் பாரிஸ் அறிவியற் கழகத்துக்கு அளித்தார். முதல்வர் இவருள் எவர் என்று கடிகார வரலாற்றாசிரியர் இன்றும் வழக்காடுகின்றனர். பெரெலேயின் பொறி எவ்வாறு அமைந்திருந்தது என்பதை அவ்வறிக்கை விளக்கவில்லை. ஆகையால், சுழலியைப் பொறுத்தவரையில், வரைபடத்தைக் கையிற் கொண்ட சார்த்தோனின் பக்கமே நான் சாய்வேன்.

அதே காலத்திற் பாரிஸ் நகரில் ஆபிரகாம் லூயி பிரெகே, மேலுங் கீழும் அசையும் ஊசல் எடையொன்றாற் சட்டைப்பைக் கடிகாரங்களை முறுக்கினார். அவ்வெடையைப் பிளாற்றினத்தாற் செய்தார் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. பிரான்சிய அரசி மரி அந்துவானெத்துக்கென 1783இல் வேண்டப்பட்ட புகழ்மிக்க கடிகாரமும் இவ்வகையினதே. அரசி 1793இற் கொலைத்தண்டம் பெற்றாள். கடிகாரம் முற்றுப்பெற்றதோ 1827இல். எனினும் இவ்வகை பரவவில்லை. சட்டைப்பையில் நிமிர்ந்து கிடக்கும் பொருளுக்கு, நடையின் துள்ளலன்றி வேறு அசைவு ஏது?

வில் முழுதும் முறுகிய பின்னரும் கை அசைந்துகொண்டேயிருக்குமே, அப்பொழுது என் செய்வது என்பது மற்றொரு சிக்கல். பிரெகே எடையைப் பூட்டி நிறுத்தினார். அதனினும் நயமான விடையை 1863இல் அத்ரியன் பிலிப் கண்டார். வில்லின் வெளிநுனியைக் கூட்டின் சுவரோடு பிணைக்காது, சுவரை அழுத்திநிற்கும் பட்டையொன்றில் அவர் இணைத்தார்; முறுக்கு எல்லை கடந்ததும் பட்டை வழுக்கிவிடும். இன்றைய தானியங்கிக் கடிகாரத்தை எவ்வளவு அசைத்தாலும் வில் அறாதிருப்பது இதனாலேயே.

கடிகாரம் சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியபின்னரே பழைய எண்ணம் உயிர்பெற்றது. ஆங்கிலேயரான ஜோன் ஹார்வூட், முறுக்குத் திருகின் துளைவழியே தூசும் ஈரமும் புகுந்து கடிகாரங்களைக் கெடுப்பதைக் கண்டு, அத்திருகையே ஒழிக்க முனைந்தார். 1924இல் அவருக்குச் சுவிற்சர்லாந்தின் காப்புரிமை கிடைத்தது. அவருடைய எடை முழு வட்டம் சுற்றாது. இருபுறத்து வில் தடைகளில் மோதி மோதித் திரும்பும். கண்ணாடியைச் சூழ்ந்த வளையத்தைத் திருப்பியே நேரம் திருத்தல் வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தில், 1931இல், ஹார்வூடின் கம்பனி வீழ்ந்தது. அதே ஆண்டிலே றோலெக்ஸ் நிறுவனம், தடையின்றி முழு வட்டமும் சுழலும் சுழலியை வெளியிட்டது. வழி வகுத்தவர் ஒருவர், பயன் துய்த்தவர் வேறொருவர்.

றோலெக்ஸின் அச்சுழலி ஒரு திசைச் சுழற்சியால் மட்டுமே முறுக்கிற்று. 1942இல் பெல்சா நிறுவனம் இருதிசைச் சுழற்சியையும் பயன்படுத்தும் பொறியை ஆக்கியது. 1948இல் எற்றேர்னா ஐந்து நுண்ணிய உருக்குக் குண்டுகளின்மீது சுழலியை ஏற்றி உராய்வைக் குறைத்தது; அவ்வைந்து குண்டுகளே பின்னர் அதன் இலச்சினையாயின. ஐ. டபிள்யூ. சி. நிறுவனத்து அல்பேற் பெலற்றன், சுழலி எப்பக்கம் திரும்பினும் இரு பிடிப்புப் பற்களுள் ஒன்று சில்லை இழுக்க மற்றொன்று வழுக்கிச் செல்லுமாறு அமைத்தார். 1959இல் யப்பானின் செய்கோ, இரு கரங்கொண்ட ஒரே நெம்பினால் அவ்வேலையை முடித்தது. உறுப்புக் குறைவையே சிறப்பெனக் கொள்வோமாயின், என் மனத்துக்கு உகந்தது இந்த நெம்பே. விலையுயர்ந்த கடிகாரத்துக்கென அன்றி, எளிய கடிகாரத்துக்கெனப் பிறந்த புதுமை அது.

இனிப் பொன்னின் கதைக்கு வருவோம். சுழலியைத் திருப்பும் திறன், அதன் திணிவையும், அச்சிலிருந்து அதன் ஈர்ப்பு மையம் நிற்கும் தூரத்தையும் பொறுத்தது. அரைவட்டத் தகடொன்றின் ஆரையைப் பாதியாக்கினால், தடிப்பு மாறாதிருக்கப் பரப்பு நான்கிலொன்றாகும். ஈர்ப்பு மையத்தின் தூரமும் பாதியாகும். ஆகவே திருப்புந் திறன் எட்டிலொன்றாகச் சுருங்கும். இழந்ததை எவ்வாறு மீட்பது? பித்தளையின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 8.5 கிராம்; பொன்னின் அடர்த்தி 19.3, பிளாற்றினத்தினது 21.4. பித்தளையை விடுத்துப் பொன்னைக் கொண்டால் அதே அளவான தகடு இரு மடங்குக்கு மேற் கனக்கும்.

மெல்லிய கடிகாரம் செய்வோர்க்கு இக்கணக்கு உயிர்நிலையானது. முழுச் சுழலி ஏனைய உறுப்புகளின் மேலே தனியொரு மாடிபோல அமைவதால் கடிகாரம் தடிக்கின்றது. இதனை நீக்க, 1950களின் நடுவிற் பியூரென், யூனிவேர்சல் ஜெனீவ் ஆகிய நிறுவனங்கள் சிறு சுழலியொன்றை ஏனைய உறுப்புகளின் மட்டத்திலேயே புதைத்தன. 1960இல் பியாஜே வெளியிட்ட 12பி என்னும் பொறியின் மொத்தத் தடிப்பு 2.3 மில்லிமீற்றரே, அதன் சிறு சுழலி 24 கரட் பொன்னாலானது. அங்கே பொன் அணிகலனன்று. தன் எடையாலே தொழில் புரியும் உறுப்பு. ஆனால் நேர்மையாக மற்றொன்றையும் கூறல் வேண்டும். தங்குதன் என்னும் உலோகத்தின் அடர்த்தியும் 19.3 தான், விலையோ பொன்னினும் மிகமிகக் குறைவு. எனவே, முழு அளவுச் சுழலிக்கு இடம் தாராளமாக இருக்கும் தடித்த கடிகாரத்தில் பொன் வைப்பவர், பௌதிகத்தைத் துணைக்கழைத்தல் ஆகாது.

சுழலியை விளிம்புக்கு நகர்த்தி வளையமாக்குவது மற்றொரு வழி. ஆரை பெருகுதலால் சிறு எடையும் பெருந்திறன் தரும். காள் எவ். பூகரர் நிறுவனம் 2008இல் இத்தகைய பொறியை வெளியிட்டது. 2018இல் புல்காரி வெளியிட்ட, விளிம்புச் சுழலி கொண்ட கடிகாரமோ கூட்டோடு சேர்த்தே 3.95 மில்லிமீற்றர்தான். சுழலியையே கைவிட்டு, நேர்கோட்டில் ஓடும் தங்குதன் கட்டியும் நுண்ணிய பட்டிகளும் கொண்டு ராக் ஹோயர் ஆக்கிய கடிகாரமும் உண்டு. அது வியப்பைத் தருகின்றது, தேவையைக் காட்டவில்லை.

நிறுத்துகடிகாரத்தைத் தானியங்கியாக்கும் போட்டி 1969இல் முற்றியது. செனித் நிறுவனம் சனவரியில் ‘எல் பிறிமேரோ’வை அறிவித்தது. மார்ச்சில் ஹோயர், பிரைற்லிங், பியூரென் முதலானோரின் கூட்டுப் பொறி, முன் கூறிய சிறு சுழலியோடு வந்தது. செய்கோவின் பொறியும் அவ்வாண்டிலேயே விற்பனைக்கு வந்தது. அதே செய்கோ, அவ்வாண்டு டிசெம்பர் 25ஆம் நாள், குவார்ட்ஸ் படிகத்தால் இயங்கும் மின்கலக் கைக்கடிகாரத்தை விற்கத் தொடங்கிற்று. செம்மையில் அதற்கு ஈடுகொடுக்க எந்த வில்லாலும் இயலவில்லை. சுவிற்சர்லாந்தின் தொழிற்சாலைகள் பல மூடுண்டன.

செனித் அக்காலத்தில் அமெரிக்க நிறுவனமொன்றின் உடைமை. பொறிமுறைக் கடிகார ஆக்கத்தை நிறுத்துமாறு 1975இல் கட்டளை பிறந்தது. கருவிகளும் கழிவுலோகமாகப் போகவிருந்தன. தொழிற்சாலையில் வேலைபார்த்த சார்ல் வேர்மோ அதனை எதிர்த்து எழுதினார். அவர் சொல் ஏறவில்லை. அதன்பின் அவர் ‘எல் பிறிமேரோ’வை ஆக்கும் அச்சுகளையும் வெட்டுக் கருவிகளையும் மெல்ல மெல்லத் தொழிற்சாலையின் மேன்மாடத்துக்குக் கடத்தி மறைத்துவைத்தார், எது எதற்கென ஒரு கோவையில் எழுதியும் வைத்தார். 1984இல், உரிமை கைமாறிய பின்னர், அம்மாடம் திறக்கப்பட்டு ஆக்கம் மீண்டும் தொடங்கிற்று. 1988இல் றோலெக்ஸ் தன் ‘டேற்ரோனா’ கடிகாரத்துக்கு அப்பொறியையே பெற்றுப் பயன்படுத்தியது. அம்மேன்மாடம் இருப்பது, பெரெலே வாழ்ந்த அதே லெ லொக்கிளில்.