மாத்திரையோடு மனதையும் கவனியுங்கள்

மாரடைப்பு வந்து பிழைத்தவர் வீடு திரும்பியதும் உப்பைக் குறை, எண்ணெயை நிறுத்து, தினமும் நட என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவரே சொல்ல வந்தாலும், ‘எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று பேச்சை முடித்துவிடுகிறோம். மன அமைதியும் இறைநம்பிக்கையும் இருதய சிகிச்சையின் ஒரு பகுதி, ஆனால் மருந்துக்கு மாற்று அல்ல என்பதே என் வாதம். சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, புகைப்பழக்கம், சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு ஆகியவற்றின் வரிசையிலேயே மன அழுத்தத்தையும் மனச்சோர்வையும் வைத்தது. கவலை தூக்கத்தைக் கெடுக்கிறது, ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. மனம் தளர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுவார், விட்ட சிகரெட்டை மறுபடி எடுப்பார். பெருந்துக்கம் தாக்கியவுடன், ரத்தக்குழாயில் அடைப்பே இல்லாமல் இருதயத்தின் இடது கீழறை சட்டென்று வலுவிழந்துபோவதும் உண்டு. டகோட்சுபோ என்ற பெயரில் ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் விவரித்த இந்த நோய், மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது.

சரி, பிரார்த்தனை இதில் என்ன செய்யும்? 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை ஜெபமாலை ஜெபத்தையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்லவைத்து அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதற்கேற்ப இருதயத் துடிப்பைச் சரிசெய்யும் அனிச்சைச் செயலும் கூர்மையடைந்தது. எந்த மதத்தின் ஜபமானாலும், நிதானமாகச் சொன்னால் மூச்சு நீள்கிறது, உடலும் தணிகிறது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எனக்கு இது மதிப்புள்ள செய்தி. பக்தியோடு சொல்வதால் அந்தப் பலன் குறைந்துவிடுவதில்லை.

மறுப்புகளும் வலுவானவையே. பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறிமுகமில்லாதவர்கள் செய்த பிரார்த்தனையால் நோயாளிகளுக்குப் பலன் தெரியவில்லை. அது பிறர் நமக்காக வேண்டுவதைப் பற்றியது. நாமே அமைதியாக அமர்வதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 2003-இல் வெளியான என்ரிச்ட் ஆய்வு இன்னும் கடினமானது. மனநல சிகிச்சை மாரடைப்பு நோயாளிகளின் சோர்வைக் குறைத்தது. மரணத்தையும் மறு மாரடைப்பையும் குறைக்கவில்லை. இந்தியாவில் ஏறத்தாழ 4,000 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த யோகா-கேர் ஆய்விலும் உயிர்க்காப்பு உறுதிப்படவில்லை. ஆனால் யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கும் அதிகம் திரும்பினார்கள். ஆயுளை நீட்டுமென்று சத்தியம் செய்ய முடியாது என்பதால், பயமின்றித் தூங்குவதும் வேலைக்குத் திரும்புவதும் அற்பமாகிவிடுமா? நோயாளியைக் கேட்டுப் பாருங்கள்.

எனவே ஜபமோ தொழுகையோ தியானமோ, பழகியதை நிதானமாகத் தொடருங்கள். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ நாலு பேரோடு போய்வருவது தனிமையையும் குறைக்கும். நெஞ்சு வலித்தால் மட்டும் தியானத்தில் உட்காராதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள். விரதமென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அதைப் பக்திக்குறைவு என்று மறைக்காதீர்கள். அடுத்த செக்கப்பில் ரத்தக்கொதிப்பைச் சொல்வதுபோலவே அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது.