வாந்தி பேதிக்கு எந்தக் கிருமி? கிரிஸ்பர் சொல்லும் வம்சாவளி

கேள்வி: ஒரே விருந்தில் சாப்பிட்ட பலருக்கு வாந்தி பேதி வந்தால், அத்தனை பேரையும் தாக்கியது ஒரே கிருமிதானா என்று ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் இதற்கும் பயன்படுகிறதாமே?

பதில்: கிரிஸ்பர் என்றதும் மரபணுவைத் திருத்தும் கத்தரிதான் நினைவுக்கு வருகிறது. பாக்டீரியாவை வகைப்படுத்தும்போது எதுவும் திருத்தப்படுவதில்லை. கிரிஸ்பர் என்பது முதலில் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் உள்ள ஒரு பகுதியின் பெயர். அந்தப் பகுதியை வாசிப்பதே இங்கே வேலை.

உணவு நஞ்சாவதற்கு அடிக்கடி காரணமாகும் சால்மோனெல்லாவை எடுத்துக்கொண்டால், அதன் கிரிஸ்பர் பகுதியில் 29 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும். அடுத்தடுத்து வரும் இரண்டுக்கு நடுவே சுமார் 32 எழுத்துகளில் ஓர் இடைவரிசை இருக்கும். பூச்சரத்தில் நார் ஒன்றாக இருந்தாலும் இடையில் தொடுத்த பூக்கள் வேறுபடுவதைப் போல, இந்த இடைவரிசைகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். 1987இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் இஷினோவும் உடன் பணியாற்றியவர்களும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் இந்த அமைப்பைக் கண்டபோது, அது எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் டி.என்.ஏ.வோடு பல இடைவரிசைகள் பொருந்துகின்றன என்பது 2005இல்தான் வெளிவந்தது. தாக்க வந்த வைரஸின் ஒரு துணுக்கைப் பாக்டீரியா இங்கே சேர்த்து வைக்கிறது. அதே வைரஸ் மறுபடி வந்தால் அடையாளம் கண்டு அழிக்கிறது. தயிர் தயாரிப்பில் பயன்படும் ஒரு பாக்டீரியாவைக் கொண்டு 2007இல் இது சோதனையிலும் நிறுவப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: பயன் இன்னதென்று தெரிவதற்குப் பத்தாண்டு முன்பே, 1997இல், காசநோய்க் கிருமியின் 43 இடைவரிசைகளில் எவை உள்ளன, எவை இல்லை என்று பார்த்து அதை வகைப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

புதிய இடைவரிசை சரத்தின் ஒரு முனையில் மட்டுமே சேரும். ஆகவே மறுமுனையில் இருப்பவை பழையவை. ஒரே மூதாதையிலிருந்து வந்த கிருமிகளுக்கு அவை பொதுவாக இருக்கும். சால்மோனெல்லாவில் புதிதாகச் சேர்வது மிக அரிது; நடுவில் சில உதிர்வதே அதிகம். எது உதிர்ந்தது என்பதே ஒரு கிளையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும்.

நோயாளியின் மல மாதிரியிலிருந்தும் சந்தேகத்துக்குரிய உணவிலிருந்தும் பாக்டீரியாவைத் தனியாக வளர்த்து, டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். சால்மோனெல்லாவில் கிரிஸ்பர் பகுதிகள் இரண்டு உள்ளன. இரண்டையும் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, எழுத்து எழுத்தாக வாசித்து, இடைவரிசைகளின் பட்டியலை ஒப்பிடுகிறார்கள். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 130 சீரோடைப்புகளை, அதாவது மேற்பரப்பு வேறுபாட்டால் பிரிக்கப்படும் உள்வகைகளை, சேர்ந்த 783 சால்மோனெல்லா மாதிரிகள் இப்படி ஆராயப்பட்டன. இடைவரிசைகள் சீரோடைப்போடு நெருக்கமாக ஒத்துப்போயின. சால்மோனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட சீரோடைப்புகள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய எதிர்ப்பொருள் அடங்கிய வகைவகையான எதிர்ச்சீரங்களைச் சேமித்து வைக்க வேண்டும், ஒவ்வொன்றாகக் கலந்து பார்க்கவும் வேண்டும். அந்தச் சிரமம் குறைவதுதான் இம்முறையின் உண்மையான லாபம்.

ஆனால் இதைக் கைரேகை என்று சொல்வது மிகை. சரம் மெல்ல மாறுவதால் கிருமி எந்த ஊர், எந்தத் தெரு என்பது தெரியும். வீட்டு எண் பெரும்பாலும் தெரியாது. டைஃபிமூரியம் என்ற சீரோடைப்பை இது நன்றாகவே பல வகைகளாகப் பிரிக்கிறது. முட்டை, கோழி வழியாகப் பரவும் என்டரிடிடிஸ் என்ற சீரோடைப்பில் வேறுபாடு சொற்பம். தொடர்பில்லாத இரண்டு கிருமிகளுக்கும் ஒரே சரம் அமையலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோய்த்தன்மை தொடர்பான இரு மரபணுக்களின் வரிசையையும் கிரிஸ்பரோடு சேர்த்துப் பார்த்தது இந்தக் குறையை ஈடுகட்டத்தான். உணவு நஞ்சாகக் காரணமாகும் இன்னொரு பாக்டீரியாவான கேம்பிலோபேக்டரில் கிரிஸ்பர் பகுதியே இல்லாத மாதிரிகளும் உண்டு. அங்கே இம்முறை கைகொடுக்காது.

1996இல் தொடங்கிய அமெரிக்காவின் பல்ஸ்நெட் என்ற உணவுவழி நோய்க் கண்காணிப்பு வலையமைப்பு, டி.என்.ஏ.வைப் பெரிய துண்டுகளாக வெட்டி ஜெல்லில் ஓடவிட்டு, விழும் பட்டைகளை ஒப்பிடும் முறையை நெடுங்காலம் நம்பியிருந்தது. 2019இல் அது முழு மரபணுத்தொகுதி வாசிப்புக்கு மாறியது. முழுவதையும் வாசித்தால் கிரிஸ்பர் பகுதியும் அதிலேயே கிடைத்துவிடும். அந்த வசதி இல்லாத ஆய்வகங்களுக்கும், ஏராளமான மாதிரிகளை விரைவாகச் சலித்தெடுக்கவும் இந்தக் குறுக்குவழி இன்னும் உதவும்.

கேள்வி: நோயாளியிடமும் உணவிலும் ஒரே சரம் இருந்தால், அந்த உணவுதான் காரணம் என்று முடிவுகட்டலாமா?

பதில்: அது மட்டும் போதாது. பரவலாக உலவும் ஒரு வகை, தொடர்பே இல்லாத இரண்டு இடங்களில் தென்படலாம். யார், எதை, எப்போது சாப்பிட்டார்கள் என்ற விசாரணையும் அதே உணவைச் சுட்ட வேண்டும். சரம் பொருந்தாவிட்டால் நிலைமை சற்றுத் தெளிவு: ஓரிரு இடைவரிசை மட்டும் உதிர்ந்திருந்தால் தொடர்பை மறுத்துவிட முடியாது; சரமே முற்றிலும் வேறாக இருந்தால், அந்த உணவு மாதிரியில் கிடைத்த கிருமியை விட்டுவிட்டு வேறு உணவைத் தேடலாம்.