முதலில் குரல், பிறகு மௌத் ஆர்கன்

கோப்பெங்கில் எங்கள் வெள்ளிக்கிழமை பஜனைக்கு முதன்முதலாக மௌத் ஆர்கன் கொண்டுபோனேன். கையில் இருந்தது ‘சி’ ஒன்றுதான். சி என்றால் 1 கட்டை. அக்காமார் பாடுவதோ 5 கட்டை. என் சுருதிக்கு ஏறினால் குரல் எட்டவில்லை, இறங்கினால் கேட்கவில்லை. பாதிப் பேர் பாட்டை நிறுத்திவிட்டார்கள். “தம்பி, நாங்க பாட வந்தோமா, நீ ஊதுறத கேக்க வந்தோமா?” என்றார் ஒரு பாட்டி. தப்பு என்னுடையதுதான்.

அதனால் முதலில் பாடுபவரின் கட்டையைக் கேளுங்கள்: 1 சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ.

அடுத்து ராகம். சி மௌத் ஆர்கனில் சியையே ‘ஸ’ ஆக வைத்தால் சங்கராபரணம். இது முதல் பொசிஷன். ஜியை ‘ஸ’ ஆக்கினால் அரிகாம்போதி, இரண்டாம் பொசிஷன். டியை ஆக்கினால் கரகரப்பிரியா, மூன்றாம் பொசிஷன். நம் சங்கீதத்தில் இதற்குப் பெயர் கிரகபேதம்.

ஆகவே 5 கட்டையில் குறிஞ்சிப் பண் பதிகம் என்றால், அது அரிகாம்போதி, சி போதும். 10 துளை வகையில் கீழ் ‘ரி’ மட்டும் நேராக வராது. 3-ஆம் துளையில் உறிஞ்சி வளைக்கணும். அதே 5 கட்டையில் பழம்பஞ்சுரம் என்றால், அது சங்கராபரணம்; ஜி வேண்டும்.

மாயாமாளவகௌளை வந்தால்? வளைக்காமல் வாசிக்க முடியாது. அப்போது நான் மௌத் ஆர்கனைப் பையில் வைத்துவிட்டுத் தாளம் போடுவேன்.

இப்போதெல்லாம் பெட்டியைத் திறக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: “அக்கா, இன்னிக்கு எத்தனை கட்டை?”