நெல் குலை நோய்: பூசண வித்து இலையைத் துளைப்பது எப்படி?

குலை நோய்ப் பூசணத்தின் வித்து மூன்று அறைகள் கொண்டது. பனி ஈரமுள்ள நெல் இலையில் ஒட்டி, சில மணி நேரத்தில் முளைக்கிறது. உடனே 'பி.எம்.கே.1' என்ற மரபணுவின் தூண்டுதலால் முளைக்குழாயின் நுனி உருண்டு, துளைக்கும் உறுப்பாகிறது. வித்து தன் உட்பொருளை அதற்குக் கொடுத்து மடிகிறது. மெலனின் என்னும் கருநிறப் பொருள் உறுப்பின் சுவரில் படிவதால், உள்ளழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 80 மடங்காகி இலையைத் துளைக்கிறது. இந்த மரபணு நீக்கப்பட்ட பூசணம் நோய் உண்டாக்குவதில்லை என்பது 1996இல் தெரியவந்தது.

மெலனின் உருவாவதைத் தடுக்கும் மருந்துகளும் பூசணம் துளைக்குமுன் தெளித்தால்தான் பலன் தரும். கண் வடிவப் புள்ளி தெரியும்போது பூசணம் உள்ளே புகுந்திருக்கும். எனவே தழைச்சத்தைப் பிரித்து இட்டு, வரப்புப் புல்லை அகற்றி, பனிக்காலத்தில் பயிரைக் கவனித்து வருதல் நன்று.