எந்தத் தக்காளி நடுவது?

கர்நாடகத்தில் கோலார் மாவட்டம். அங்கே தக்காளி அதிகம் விளையும். லாரிகளில் வெளி மாநிலங்களுக்கும் போகும்.

அங்கே ஒரு பெண் அரை ஏக்கரில் தக்காளி நட்டார். காய் பிடிக்கும் நேரம். இலை பச்சையாக இருக்கும்போதே செடிகள் வாடின. தண்ணீர் பாய்ச்சியும் நிமிரவில்லை. வாங்கிய கடன்தான் மிச்சம்.

பக்கத்து வயல்காரர் வந்து பார்த்தார். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டினார். அதைக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் பிடித்தார். சிறிது நேரத்தில் பால் போல வெள்ளை நூல் இறங்கியது.

“அக்கா, இது வாடல் நோய். கிருமி மண்ணில் இருக்கிறது. மருந்து அடித்தாலும் போகாது. நோய் தாங்கும் ரகமாக நடுங்கள்” என்றார்.

“எந்த ரகம்?” என்று கேட்டார் அந்தப் பெண்.

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ரகங்கள் உண்டு. அர்க்கா ஆபா வாடல் நோயைத் தாங்கும். அதில் விதை எடுத்து மறுபடி விதைக்கலாம். அர்க்கா ரக்ஷக் வீரிய ஒட்டு ரகம். வாடல், இலைச்சுருள், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். பழம் கெட்டி. லாரியில் நசுங்காது. ஆனால் அதில் எடுக்கும் விதை தாய்ச் செடியைப் போல வராது. ஒவ்வொரு முறையும் விதைக்குப் பணம் வேண்டும்.

அந்த நிலத்தில் அவர் முதலில் கேழ்வரகு விதைத்தார். கத்தரியும் மிளகாயும் போடவில்லை. அவற்றுக்கும் இதே நோய் வரும்.

பிறகு விற்பனைக்கு ரக்ஷக், வீட்டுக்கு நான்கு வரிசை ஆபா என்று முடிவு செய்தார். கடையில் விதைப் பாக்கெட்டை வாங்கி, ரகத்தின் பெயரையும் கடைசித் தேதியையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம்தான் பணம் கொடுத்தார். ரசீதும் கேட்டு வாங்கினார்.