வாழைக்காய் மா: வீட்டிலே தயாரிக்கும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் நிலங்களிலே, சிறப்பாக நீர்வேலி, கோப்பாய் ஆகிய பகுதிகளிலே, வாழை ஒரு முதன்மையான தோட்டப் பயிராகச் செய்கைபண்ணப்பட்டு வருகின்றது. வன்னியிலும் கிழக்கிலும் உள்ள நெற்செய்கையாளரும் கிணற்றடியிலோ வேலியோரத்திலோ நாலைந்து மரங்களையேனும் வைத்திருப்பர். இவ்விரு சாராருக்கும் பொதுவான துன்பம் ஒன்றுண்டு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் எழும் புயல், குலை தள்ளிய மரங்களை ஒரே இரவில் சாய்த்துவிடுகின்றது. 2008 நவம்பரில் வந்த ‘நிஷா’வையும் 2020 டிசெம்பரில் வந்த ‘புரெவி’யையும் வட மாகாணத்துக் கமக்காரர் மறந்திரார். விழுந்த குலைகள் யாவும் ஒரே நாளிற் சந்தைக்கு வந்தால் அவற்றிற்கு விலையேது? முற்றாத காயென்று வியாபாரி தள்ளிவிட, அவை மாட்டுக்கும் குப்பைக் கிடங்குக்குமே போய்ச் சேர்கின்றன. காற்றில்லாத காலத்திலுங்கூடக் குலைகள் மிகுந்து விலை படுத்துவிடும் நாட்கள் ஆண்டில் சில வரவே செய்கின்றன.

இவ்வாறு வீணாகும் காயை மாவாக்கி வைக்கலாம். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலிற் காயவைத்து ஒடியலாக்கி, வேண்டியபோது இடித்து மாவெடுக்கும் வழக்கம் வடபகுதி இல்லங்களுக்குப் புதிதன்று. அதே முறையே வாழைக்காய்க்கும் பொருந்தும். கேரளத்திலே ‘குன்னன்’ என்னும் வாழையின் காயைச் சீவி உலர்த்தி இடித்து, பாலுணவு மறக்கும் பருவத்துக் குழந்தைகளுக்குக் கூழாகக் காய்ச்சிக் கொடுப்பது பழைய வழக்கமாகும்.

இம்மாவுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. கோதுமையிலே குளுட்டன் எனப்படும் ஒருவகைப் பசைப்புரதம் இருக்கின்றது. பாண் மா இழுபடுவதும் பொங்கி எழுவதும் அப்புரதத்தினாலேயே. சிலருடைய உடல் இப்புரதத்தை ஏற்பதில்லை. அவர்கள் கோதுமையை உண்ணும்போது சிறுகுடலின் உட்சுவர் பழுதடைந்து, உண்ட உணவின் சத்து உடலிற் சேராது போகின்றது. குழந்தைகளாயின் வயிற்றோட்டமும் வயிற்று வீக்கமும் கண்டு, வளர்ச்சி குன்றி மெலிவர். இது சீலியாக் நோய் எனப்படும். இந்நோயாளருக்கு இன்றுவரையுள்ள சிகிச்சை கோதுமையையும் வாற்கோதுமை, இறை ஆகிய தானியங்களையும் வாழ்நாள் முழுவதும் விலக்குதலேயாம். வாழைக்காயிலோ குளுட்டன் இயல்பாகவே இல்லை.

வாழைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு விந்தையானது. 1924ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துக் குழந்தை வைத்தியராகிய சிட்னி ஹாஸ் என்பவர், இந்நோயுற்ற பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவைக் கொடுத்து, அவர்கள் தேறியதை வெளியிட்டார். வாழைப்பழமே நோயைத் தீர்த்ததென்று பலர் நெடுங்காலம் நம்பினர். பின்னர், கோதுமையின் மீது முன்னரே ஐயங்கொண்டிருந்த ஒல்லாந்து வைத்தியர் வில்லெம் டிக்கே, 1950இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலிலே உண்மைக் காரணத்தைக் காட்டினார். பிள்ளைகளைத் தேற்றியது உணவில் வாழைப்பழம் இருந்தமை அன்று, கோதுமை இல்லாதிருந்தமையே. ஆகவே வாழைக்காய் மாவை மருந்தெனக் கருதலாகாது. கோதுமை ஒவ்வாதார் அச்சமின்றி உண்ணத்தக்க ஒரு மா என்பதே அதற்குரிய இடம். நோயில்லாத ஏனையோர் கோதுமையை விலக்கவேண்டியதில்லை. நோயென்று ஐயமிருப்பின், கோதுமையைத் தாமாக நிறுத்துமுன் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்; நிறுத்திய பின்னர் இரத்தப் பரிசோதனை நோயைக் காட்டாது விடலாம்.

காயைத் தெரிதல்

மொந்தன், சாம்பல் வாழை ஆகிய கறிவாழை இனங்களே மாவுக்கு மிகச் சிறந்தவை. அவற்றின் சதை இறுகியது, நீர் குறைந்தது. கதலி முதலிய பழவாழைகளின் காயிலும் மாவெடுக்கலாமாயினும், அவற்றில் நீர் கூடுதலாதலின் மா சற்றுக் குறையும்.

காய் முற்றியிருத்தல் வேண்டும், பழுக்கத் தொடங்கியிருத்தலாகாது. முற்றிய பச்சைக் காயின் சதையை உலர்த்தினால், உலர்ந்த பொருளில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் மாப்பொருளாயிருக்கும். பழுக்கும்போது அம்மாப்பொருள் சர்க்கரையாக மாறிவிடுகின்றது. அத்தகைய காய் உலர்ந்தும் உலராததாய்ப் பிசுபிசுத்து, உரலிலே ஒட்டிக்கொள்ளும். புயலில் விழுந்த குலையாயின், பூ வெளிவந்து ஏறத்தாழ இரண்டரை மாதம் கடந்ததாய், காயின் விளிம்புகள் ஓரளவு உருண்டு வந்திருந்தாற் போதும். அதிலும் இளையதைக் கறிக்கே வைத்துக்கொள்க. குலையைச் சிதைக்காமல் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்திலே தொங்கவிட்டால், சில நாட்களுக்குப் பச்சையாகவே நிற்கும். எல்லாக் குலைகளையும் ஒரே நாளில் வெட்ட முயலாது, ஒரு நாளில் உலர்த்தக்கூடிய அளவை மாத்திரம் எடுத்தல் அறிவுடைமை. நாடோறும் குலைகளைப் பார்த்து, மஞ்சள் தோன்றும் குலையை வேறாக்கிவிடுக.

சீவுதலும் உலர்த்துதலும்

வாழைப்பால் கையிலும் கத்தியிலும் ஒட்டாதிருக்கக் கைக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளல் வேண்டும். காய்களைத் தோலுடன் கொதிநீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் தோல் எளிதிற் கழலும். சதை கறுப்பதும் குறையும். இரும்புக் கத்தி சதையைக் கறுக்கச் செய்யுமாதலால் துருப்பிடியாத உருக்குக் கத்தியே ஏற்றது. சதையை இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள வட்டங்களாகச் சீவுக. தடிப்பாகச் சீவினால் மேற்புறம் உலர்ந்து உட்புறம் ஈரமாயிருக்கும். பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும். சீவும் துண்டுகளை உடனுக்குடன், ஒரு லீற்றர் நீருக்கு இரண்டு தேசிக்காயின் சாறும் ஒரு தேக்கரண்டி உப்புஞ் சேர்த்த கரைசலிற் போட்டு, பத்து நிமிடத்தில் எடுத்து வடியவிடல் வேண்டும். நிறம் வெளிறுமென்று மணிக்கணக்காக ஊறப்போடுவோர் காயின் உலோகவுப்புச் சத்துக்களை நீரோடு ஊற்றிவிடுகின்றனர்.

முழு வேலையிலும் உலர்த்துதலே உயிரான பகுதியாகும். பச்சைக் காயின் சதையிலே நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் நீராகும். அந்நீரெல்லாம் விரைந்து வெளியேறுதல் வேண்டும். துண்டுகளை நிலத்திற் பரப்பாது, வலைத்தட்டிலோ மூங்கிற்றட்டிலோ ஒன்றன்மேலொன்று படாது பரப்பி, நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்தில் வைத்து, மேலே மெல்லிய வெள்ளைத் துணியால் மூடுக. ஈயும் தூசியும் அணுகா; கீழிருந்தும் காற்று ஏறும். நண்பகலில் ஒரு முறை புரட்டிவிடுக. பனி இறங்குமுன் தட்டுகளை உள்ளே எடுத்துவிடல் வேண்டும். நல்ல வெயிலாயின் இரண்டு நாளில் உலர்ந்துவிடும். துண்டை வளைத்தால் வளையாது, ஒடியலைப் போலச் சத்தத்துடன் முறிதல் வேண்டும். வளையும் துண்டு இன்னும் ஒரு நாள் வெயிலைக் கேட்கின்றது என்பதே பொருள்.

ஆயினும் குலைகள் விழுவதோ மாரியில்; அப்போது வெயில் எங்கேயுள்ளது? புயலுக்குப் பின் வானம் வெளித்து வெயில் எறிக்கும் நாட்களைத் தப்பவிடலாகாது; காலையிலேயே சீவி முடித்தல் வேண்டும். நாள் முழுவதும் மூடுபனியும் தூறலுமாயின், சிரட்டைக்கரித் தணலின் மேலே, கை பொறுக்கும் சூட்டில், வலைத்தட்டை வைத்து உலர்த்தலாம். விறகுப்புகை மாவிற் படிந்து நாறுமாதலால் விறகை நேரே பயன்படுத்தலாகாது. தணலையும் பூட்டிய அறையினுள் வைத்தல் கூடாது. கரித்தணலிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. அது உயிரையே கொள்ளும். திறந்த கொட்டிலிலேயே இவ்வேலை செய்யப்படுதல் வேண்டும்.

பூஞ்சணம் கண்ட துண்டைச் சுரண்டிவிட்டுச் சேர்ப்பது தவறு. அதனை மாட்டுக்கும் கோழிக்கும் இடுவதும் தவறே. பூஞ்சண நஞ்சு விலங்குகளையும் தாக்கும்.

இடித்தலும் அரித்தலும்

நன்றாக உலர்ந்த துண்டுகள் உரலில் எளிதில் இடிபடும். திருகையிலும் மின் அரைப்பானிலும் அரைக்கலாம். பத்துக் கிலோகிராம் காய்க்கு இரண்டு கிலோகிராமளவு மா கிடைக்கும். தோலும் நீரும் இவ்வளவு போகின்றனவே என்று கவலைகொள்ளவேண்டியதில்லை. தோலை மாடு தின்னும்.

மா கோதுமை ஒவ்வாதாருக்கென்றால் இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். காயிலே குளுட்டன் இல்லை. ஆனால் வீட்டுப் பாத்திரங்களில் இருக்கின்றது. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவை அவித்து அரிக்கும் அரிதட்டின் கண்களில் அம்மா ஒட்டியிருக்கும். அதே அரிதட்டில் வாழைக்காய் மாவை அரித்தால், அதுவரை செய்த கவனம் முழுவதும் வீணாகும். நீற்றுப்பெட்டியின் நிலையும் அதுவே. ஓலைப் பின்னலின் இடுக்குகளைக் கழுவித் தூய்மையாக்க முடியாது. நோயாளருக்கென அரிதட்டு, நீற்றுப்பெட்டி, சுளகு ஆகியன வேறாக இருத்தல் வேண்டும். ஊர் அரைக்கும் ஆலையிலே சத்துமாவுக்கெனக் கோதுமையும் அரைக்கப்படும். முன்னதாகக் கொஞ்சம் அரிசியை ஓட்டி அதை வேறாக எடுத்துவிட்டால் பெரும்பகுதி அகலுமேனும் முழுவதும் அகலுமென்று சொல்வதற்கில்லை. எனவே நோயாளரின் மாவை வீட்டு உரலிலேயே இடித்தல் நன்று. சமைக்கும்போதும் ரவையைக் கலத்தலாகாது, அது கோதுமையே. கடையிற் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பலவேளைகளிற் கோதுமை மா சேர்க்கப்பட்டிருக்கும்.

சமையல்

குளுட்டன் இல்லாத மா இழுபடாது. ஆதலால் இதனைக் கொண்டு பாண் சுட முயல்வோர் ஏமாறுவர். ரொட்டிக்கு, வறுத்த அரிசி மாவும் வாழைக்காய் மாவும் சமபங்கெடுத்து, தேங்காய்ப்பூவும் உப்புஞ் சேர்த்து, கொதிநீர் விட்டுக் குழைத்து, வாழையிலையில் வைத்துச் சிறிதாகத் தட்டிச் சுடுதல் வேண்டும். தண்ணீரிற் குழைத்தால் வெடித்து உதிரும். அரிசி மாவிலும் குளுட்டன் இல்லையே, வாழைக்காய் மா எதற்கென்று கேட்கலாம். கொதிநீர் பட்டதும் வாழைக்காய் மா பசைபோல் இறுகி அரிசி மாவையும் பிடித்துக்கொள்ளும். தனி அரிசி மா அவ்வாறு பிடிப்பதில்லை. பிட்டுக்கு அரிசி மாவில் மூன்றிலொரு பங்கு சேர்த்தாற் போதும், கூடினால் களியாகிவிடும். கூழுக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவை முதலிற் பச்சைத்தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, ஒன்றரைக் கோப்பை நீராக்கிக் கிளறிக் காய்ச்சுக.

இம்மாவிலே புரதம் குறைவு. கோதுமை மாவிலுள்ளதில் பாதிக்கும் குறைவேயாம். பயறு, பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றில் ஒன்று உடன் இருத்தல் அவசியம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இக்கூழ் கொடுத்தலாகாது. பொற்றாசியம் மிகுந்த உணவாதலால், சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேட்டே உண்ணவேண்டும். நீரிழிவுக்கு இது நல்லதென்று பரவலாகச் சொல்லப்படுகின்றது. எளிதிற் சீரணிக்காத மாப்பொருள் பச்சை மாவிலே மிகுதியாக இருப்பது உண்மைதான். ஆனால் சமைக்கும்போது அதிற் பெரும்பகுதி சாதாரண மாப்பொருளைப் போலாகிவிடுகின்றது. நீரிழிவுடையோர் இதனையும் சோற்றைப்போல அளந்தே உண்ணல்வேண்டும்.

சேமித்தலும் விற்றலும்

மாவாக்கி வைப்பதிலும் உலர்ந்த துண்டுகளாகவே வைத்தல் நன்று. மாவில் வண்டு விரைவிற் பிடிக்கும். துண்டு நெடுநாள் நிற்கும். காற்றுப்புகாத தகரத்திலோ போத்தலிலோ இட்டு, உலர்த்திய திகதியை எழுதி ஒட்டி, மாதமொரு முறை வெயில் காட்டுக. இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மாத்திரம் இடித்துக்கொள்ளல் போதுமானது.

அயலவர்க்கும் சந்தைக்கும் விற்பதாயின், பொதியில் ‘வாழைக்காய் மா’ என்று எழுதலாம். ‘குளுட்டன் அற்றது’ என்று எழுதுவது வேறு காரியமாகும். சர்வதேச உணவு நியமத்தின்படி அவ்வாறு குறிப்பிடப்படும் உணவில் கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்பட்ட குளுட்டன் இருத்தலாகாது. பொது ஆலையில் அரைத்து, பொது அரிதட்டில் அரித்த மாவில் அச்சொல்லை எழுதினால், அதை நம்பி வாங்கும் தாய் தன் நோயுற்ற பிள்ளைக்கு அதனையே ஊட்டுவாள். வேறான உரலும் வேறான அரிதட்டும் இல்லாதவர், பரிசோதனை செய்விக்காதவர், அச்சொல்லை விட்டுவிட்டு மாவை மாவென்றே விற்றல் வேண்டும்.